சிவப்பை அது வாசிக்காது

ஹெட்போனின் காதுப் பஞ்சு இன்று பிய்ந்து கையோடு வந்துவிட்டது. நான்கு வருடத்துக்கு முன் நீ வாங்கி வந்து என் தலையில் மாட்டிவிட்ட ஒற்றைக் காது ஹெட்போன். இரண்டு காதுக்கும் உள்ளதாக வாங்கியிருக்கலாமே என்று கேட்டதற்கு, "ஒரு காது மிஷினுக்கு, ஒரு காது ஊருக்கு மாப்ள. ரெண்டையும் அதுக்கே கொடுத்துட்டா அப்புறம் நீ என்னத்த நிருபர்?" என்றாய். பஞ்சில் வியர்வையும் தேங்காய் எண்ணெயும் ஊறிய மணம். அதை மேசைமேல் வைத்துவிட்டு, பஞ்சில்லாத வட்டத்தைக் காதில் அழுத்திக்கொண்டு இதைத் தட்டச்சு செய்கிறேன்.

நீ போனபோது உனக்கு ஓர் இரங்கல் குறிப்பு எழுதினேன். நம் பத்திரிகையிலேயே வந்தது. அதில் ஒரு தகவல் தவறு. 'சில வாரங்களாக உடல்நலம் குன்றியிருந்த' என்று எழுதியிருந்தேன். சில வாரங்கள் இல்லை, பதினோரு மாதம்; அதற்கான திருத்தம்தான் இது. இது எனக்குத் தெரியவந்தது போன வாரம்தான்.

முதலிலிருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் வரிசைப்படி சொன்னால்தான் எந்த இடத்தில் என்ன நடந்தது என்று எனக்கே புரியும்.

கண்ணில் அழுத்தம் ஏறி நரம்பு வாடி, என் பார்வை இரண்டு வருடத்தில் ஓரத்திலிருந்து நடுவுக்குச் சுருங்கி வந்து, ஒரு ஆடி மாதத்தில் நின்றுபோனது. அப்போது நம் அலுவலகத்தில் யார் எங்கே போக வேண்டும் என்பதெல்லாம் உன் மேசையில் கிடந்த பெரிய டைரியில்தான் இருந்தது. காலையில் வந்ததும் எல்லோரும் அதைப் புரட்டிப் பார்ப்பார்கள். எனக்கு மட்டும் நீ வாசித்துச் சொன்னாய். ஒரு மாதம் அப்படி நடந்தது. மற்றவர்கள் முன்னால், பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் எனக்குச் சொல்லப்படுவதை நான் எவ்வளவு வெறுத்தேன் என்று உன்னிடம் சொல்லவில்லை. நீயாகவே கண்டுகொண்டாய். ஒரு திங்கட்கிழமை டைரி பீரோவுக்குள் போனது. இனி எல்லாம் கணினி நாட்காட்டியில்தான் என்றாய். பலர் முணுமுணுத்தார்கள்.

"டைரிக்கு வாய் இல்லப்பா. இதுக்கு இருக்கு," என்று சொல்லி அவர்கள் வாயை அடைத்தாய்.

திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும் மென்பொருளை என் கணினியில் போட்டது நீ. பெண் குரல். நீ அதற்கு அக்கா என்று பெயர் வைத்தாய். "அக்கா என்ன சொல்லுது மாப்ள?" என்பதுதான் பல நாள் உன் காலை வணக்கம். எனக்குக் கற்றுத் தருவதற்கு முன்னால் நீ ஒரு காரியம் செய்தாய். ஒரு வாரம் உன் திரையை அணைத்துவிட்டு, காதில் மாட்டிக்கொண்டு, விசைப்பலகையை மட்டும் வைத்து வேலை பார்த்தாய். அந்த வாரம் உன் பக்கத்திலிருந்து வந்த கெட்ட வார்த்தைகள் எனக்கு நினைவிருக்கின்றன.

நாட்காட்டியைத் திறந்தால் மாதம் முழுவதும் கட்டம் கட்டமாக வரும். கண் உள்ளவர்களுக்கு அது ஒரே பார்வை. அக்காவுக்கோ ஒவ்வொரு கட்டமும் ஒரு பொத்தான். கீழ் அம்புக்குறியை ஒரு முறை தட்டினால் அடுத்த நாளுக்குப் போகாது, அடுத்த வாரத்தின் அதே நாளுக்குப் போய் நிற்கும். அது தெரியாமல் நான் பரவை மார்க்கெட் வியாபாரிகள் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னதாகவே போய் நின்றேன். மூட்டைகளுக்கு நடுவே அரைமணி நேரம் நின்றபிறகு ஒருவர், "அடுத்த புதன்கிழமை சார்," என்றார். திரும்பி வந்தபோது நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "ஒரு வாரம் முந்திக்கிட்டுப் போயி நிக்கிறியே, இந்த ஊர்ல எவன் அப்படி வேலை பாக்குறான்?"

அன்று மாலையே நீ வழியைக் கண்டுபிடித்தாய். "கட்டத்துல போகாத மாப்ள. பட்டியலாக் கேளு." பட்டியலில் ஒவ்வொரு நிகழ்வும் ஒரு வரி. கிழமை, நேரம், இடம், விவரம், போகிறவர் பெயர். அதன்பிறகு நான் யாரையும் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. நானே ஒரு நிகழ்வைப் பதியப் பழக வேண்டும் என்று நீ சொல்ல, நான் முதலில் பதிந்தது: டீ, தினமும் நான்கு பத்து, முடிவுத் தேதி இல்லை, அழைக்கப்படுபவர் நீ. மூன்றடி தள்ளி உட்கார்ந்திருந்த நீ உன் கணினியில் ஏதோ தட்டினாய். "அழைப்பு ஏற்கப்பட்டது," என்றாள் அக்கா. அவள் சொன்னதில் எனக்கு மிகவும் பிடித்த வாக்கியம் அதுதான்.

முப்பது வருடமாக நான் கடைப்பிடித்த வழக்கம் உனக்குத் தெரியும். ஒருவர் சொன்னால் தகவல், இரண்டு பேர் தனித்தனியாகச் சொன்னால்தான் செய்தி. கண் போனபிறகு அந்த வழக்கத்தை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். நீ சொன்னதைக்கூட நாட்காட்டியில் ஒரு முறை கேட்டுச் சரிபார்ப்பேன். நாட்காட்டியில் இருந்ததை உன்னிடம் ஒரு முறை கேட்பேன். இரண்டும் ஒத்துப்போகும். ஒத்துப்போகாமல் என்ன செய்யும்? இரண்டும் நீதான் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

போன வருடம் உன் முழங்கை மாறியது. படியில் இறங்கும்போது நான் பிடித்துக்கொள்வது உன் இடது முழங்கையைத்தான். அதில் சதை குறைந்து எலும்பு தட்டுப்பட்டது. கேட்டேன். "சுகரு மாப்ள. சோத்தக் குறைச்சுட்டேன்." உன் கைக்கடிகாரம் தளர்ந்து, டீ கிளாஸைத் தூக்கும்போதெல்லாம் கண்ணாடியில் இடித்தது. ஒரு மத்தியானம் உன் சட்டையில் ஆஸ்பத்திரி ஸ்பிரிட் வாசம் வந்தது. "பழங்காநத்தத்துல ஒரு அச்சகத்துக்குப் போயிருந்தேன், மிஷினைத் தொடைச்சுக்கிட்டு இருந்தாங்க," என்றாய். என் இடத்துக்குப் போய்ப் பட்டியலைக் கேட்டேன். 'செவ்வாய், பத்து மணி முதல் ஒரு மணி வரை, பழங்காநத்தம், அச்சகத்தார் சங்கம்' என்று அக்கா வாசித்தாள். உன் பெயரையும் சொன்னாள். எனக்குத் திருப்தியாக இருந்தது.

ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை உன் பெயரில் இருந்தது: சோழவந்தான், வெற்றிலை விவசாயிகள் கூட்டம். மறுநாள் நான்கு பத்துக்கு டீக்கடையில் கேட்டேன்.

"சோழவந்தான்ல என்ன?"

"அது கெடக்கு மாப்ள. செய்திக்கு ஒண்ணுமில்ல."

"சும்மா சொல்லு. எம்புட்டுப் பேரு வந்தாக?"

"ஒரு நாப்பது பேரு இருக்கும். கொடிக்கால்ல வாடல் நோயாம். தாசில்தாருக்கு மனு கொடுக்கப் போறாங்களாம். வழக்கமான பொலம்பல்தான், விடு."

நான் விடவில்லை. அன்று நீ சீக்கிரம் வீட்டுக்குப் போய்விட்டாய். நான் நான்கு வரி எழுதினேன். மறுநாள் காலையில் அது என் பெயரோடு வந்துவிட்டது. நீ என் மேசைக்கு அருகில் வந்து நின்றாய். பத்திரிகையை மடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "நல்லா வந்துருக்கு," என்றாய்.

அன்று மத்தியானம் கருப்பையா கூப்பிட்டார். சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர், எனக்குப் பதினைந்து வருடப் பழக்கம். வெற்றிலை பற்றி எதை எழுதுவதாக இருந்தாலும் முதலில் அவரைத்தான் கேட்பேன். அன்று உன்னை நம்பி அவரைக் கேட்கவில்லை.

"அண்ணே, எந்தக் கூட்டம்ணே அது? எங்கன நடந்துச்சு?"

"உங்க ஊர்லதாண்ணே. செவ்வாக்கிழமை."

"செவ்வாக்கிழமை பூராம் நான் இங்கனயேதான கெடந்தேன். எனக்குத் தெரியாம எப்படிண்ணே கூட்டம் நடக்கும்? யாருகிட்டயோ தப்பாக் கேட்டு எழுதிட்டீக."

நான் குரலை உயர்த்தினேன். எப்போதாவதுதான் உயர்த்துவேன். "எங்க ஆளு நேர்ல போயி உக்காந்திருந்தாருண்ணே. நாப்பது பேரு வந்திருக்காங்க. உங்களுக்குச் சொல்லாம நடத்தியிருந்தா அதை நீங்க அவுங்ககிட்டக் கேளுங்க."

"அப்ப என் பேரு இல்லாமத்தான் மனு கொடுக்குறாங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

இதையெல்லாம் நான் பேசியபோது நீ மூன்றடி தூரத்தில் இருந்தாய். உன் நாற்காலி அசைந்தது எனக்குக் கேட்டது. நீ ஒரு வார்த்தை பேசவில்லை. போன வாரத்திலிருந்து எந்த வேலையில் இருந்தாலும் என் மனம் திரும்பிப் போய் நிற்பது அந்த மூன்றடியில்தான். நான் உனக்காகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தேன். நீ கேட்டுக்கொண்டிருந்தாய்.

பங்குனியில் ஒரு நாள் என்னை மாடிப்படிக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தாய். "மாப்ள, உன்கிட்டதான் மொதல்ல சொல்றேன். நேத்துதான் ரிப்போர்ட் வந்துச்சு. வயித்துல." மற்றவர்களுக்கு நான்தான் பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்றாய். நான் சொன்னேன். ஒவ்வொருவராக டீக்கடைக்கு அழைத்துப்போய், டீ வாங்கிக் கொடுத்து, கெட்ட செய்தியை எப்படிச் சொல்ல வேண்டுமோ அப்படிச் சொன்னேன். "அப்படியாண்ணே," என்றார்கள். "ஐயோ, எப்பண்ணே?" என்றார்கள். செய்திப்பிரிவின் ஜெசிந்தா அழுதாள். முதலில் என்னிடம் சொன்னாய், என்னை நம்பிப் பொறுப்பைக் கொடுத்தாய் என்று அந்தத் துக்கத்திலும் எனக்கு ஒரு பெருமை இருந்தது. பதினெட்டாம் நாள் நீ போய்விட்டாய். கல்லறைத் தோட்டத்தில் உன் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு எதையோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டதை அழுகை என்று நினைத்தேன்.

இப்போது ஆவணி. அலுவலகத்தில் நாட்காட்டி மென்பொருளை மாற்றுகிறார்கள். பழைய பதிவுகளில் எவற்றைப் புதியதற்குக் கொண்டுபோவது என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும், மற்றவை அழிந்துவிடும். உன் பதிவுகளைப் பற்றி என்னிடம் கேட்டுச் செய்யும்படி ஜெசிந்தாவிடம் சொல்லியிருந்தார்கள். அவள் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அண்ணே, இந்தச் செவப்பையெல்லாம் கொண்டுபோகவா, விட்டுரவா?"

"எந்தச் சிவப்பு?"

மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. நான் மறுபடி கேட்டேன். முப்பது வருடம் கேள்வி கேட்டவன் நான்; பதில் வராத இடத்தில் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவள் சொன்னாள்.

நீ ஆஸ்பத்திரிக்குப் போன நாட்களையெல்லாம் சிவப்பில் பதிந்திருக்கிறாய். மூன்று வாரத்துக்கு ஒரு செவ்வாய். புற்றுநோய்க்கு ஊசி ஏற்றுகிற நாள். எழுத்தில் பழங்காநத்தம், பரவை, சோழவந்தான். நிறத்தில் ஆஸ்பத்திரி. சிவப்பாக இருந்தால் அன்று உன்னைக் கூப்பிடக் கூடாது, உனக்கு வேலை வைக்கக் கூடாது, என்னிடம் மூச்சு விடக் கூடாது என்று அலுவலகம் முழுவதற்கும் சொல்லியிருக்கிறாய். அக்கா கிழமையை வாசிப்பாள், நேரத்தை வாசிப்பாள், இடத்தை வாசிப்பாள். நிறத்தை வாசிக்க மாட்டாள். அது உனக்கு எப்படித் தெரியும்? திரையை அணைத்துவிட்டு ஒரு வாரம் உட்கார்ந்திருந்தாயே, அப்போது தெரிந்துகொண்டாய். எனக்கு உதவுவதற்காக என் இருட்டுக்குள் வந்து எது கேட்கும், எது கேட்காது என்று தடவித் தடவிக் கற்றுக்கொண்டவன் நீ. பிறகு அந்த இருட்டிலேயே ஒளிந்துகொண்டாய்.

"ஏம்மா, அந்தச் சோழவந்தான் செய்தியப் பாத்து விட்டது நீதான? அன்னைக்குச் சிவப்புன்னு தெரிஞ்சும் எப்படி விட்ட?"

"நீங்க போன்ல விசாரிச்சு எழுதியிருப்பீங்கன்னு நெனச்சேண்ணே. உங்க செய்தியில நான் எங்க கை வைக்க?"

"எல்லாருக்கும் தெரியுமா?"

"தெரியும்ணே."

"நான் டீ வாங்கிக் கொடுத்துச் சொன்னப்ப?"

அவள் மூக்கை உறிஞ்சினாள். "எத்தனையோ தடவை சொல்லிருவோம்னு வந்தேன். அவரு விடல. எல்லாரும் என்னைய நோயாளியாவே பாக்குறாங்க ஜெசி, அவன் ஒருத்தன்தான் பாக்கல, அவன் ஒருத்தனுக்காச்சும் நான் பழைய ஆளா இருந்துட்டுப் போறேன்னாரு. அதுக்கு மேல என்னண்ணே சொல்ல முடியும்?"

உன் காரணம் எனக்குப் புரியாமல் இல்லை. நான்கு பத்துக்கு நீ பழைய ஆளாக இருந்தாய், என்னைக் கேலி செய்தாய், டீயில் சர்க்கரை போதாது என்று கடைக்காரரிடம் சண்டை போட்டாய். அந்தக் கால் மணி நேரம் உனக்குத் தேவைப்பட்டிருக்கிறது. ஆனால் அதற்கு நான் குருடனாக இருக்க வேண்டியிருந்தது. என்னை யாரும் அப்படி வைத்துவிடக் கூடாது என்று டைரியைப் பீரோவில் வைத்துப் பூட்டியவன் நீதான். மற்றவர்கள் செய்திருந்தால் கோபப்பட்டுவிட்டு மறந்திருப்பேன்.

வியாழக்கிழமை பஸ் ஏறிச் சோழவந்தான் போனேன். ஜெசிந்தாவும் கூட வந்தாள், நான் அழைக்கவில்லை. கருப்பையா கொடிக்காலில் இருந்தார். தண்ணீர் பாய்ந்திருந்தது, உள்ளே காற்று குளிர்ச்சியாக இருந்தது. நாற்காலி போடச் சொன்னார். நான் நின்றுகொண்டே சொன்னேன்.

"அண்ணே, போன ஐப்பசியில நான் எழுதின கூட்டம் நடக்கவே இல்ல. நீங்க சொன்னதுதான் சரி."

அவர் வெற்றிலையை அடுக்கிக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. அந்தச் சரசரப்பு நின்றது.

"நடக்கவே இல்லையா?"

"இல்லண்ணே."

"பத்து மாசமா எங்க சித்தப்பா மகன்கிட்டப் பேச்சுவார்த்தை இல்லண்ணே. அவன் மகளுக்குச் சடங்கு வச்சான், நான் போகல. அப்படி ஒரு கூட்டமே இல்லடான்னு அவன் ஆத்தா மேல அடிச்சுச் சத்தியம் பண்ணுனான். பேப்பர்காரரு நேர்ல பாத்துட்டு எழுதியிருக்காரு, நீ பொய் சொல்றியாடான்னு கேட்டேன்." பிறகு, "நேர்ல இருந்தாருன்னு சொன்னீகளே, அவரு எங்கண்ணே இருந்தாரு?" என்றார்.

"ஆஸ்பத்திரியில. ஊசி போட்டுக்கிட்டு. எனக்குத் தெரியக் கூடாதுன்னு மாத்திச் சொல்லிட்டாரு."

"இப்ப?"

"இல்லண்ணே."

என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சொல்லியிருந்தா நீங்க என்னண்ணே செஞ்சிருக்கப் போறீக?" என்று மட்டும் கேட்டார்.

"கூட உக்காந்திருப்பேன்," என்றேன்.

அதுதான் நீ எனக்குச் செய்தது மாப்ள. என்னால் உனக்கு மருந்துச்சீட்டு வாசிக்க முடியாது, வண்டி ஓட்ட முடியாது. ஊசி ஏறுகிற மூன்று மணி நேரம் உன் பக்கத்தில் உட்கார்ந்து, ஊர் வம்பு பேச முடியும். அதற்குக் கண் வேண்டாம். பதினாறு செவ்வாய்க்கிழமைகளை நீ எனக்குத் தராமல் கொண்டுபோய்விட்டாய்.

கிளம்பும்போது கருப்பையா, "இருங்கண்ணே, அவன் வீடு வரைக்கும் ஒரு எட்டு வந்துருங்க. நான் சொன்னா நம்ப மாட்டான்," என்றார். போனோம். வாசலில் நின்று இரண்டாவது முறையாக அதையே சொன்னேன். உள்ளேயிருந்து ஒரு செம்பில் தண்ணீர் வந்தது. எனக்குக் கொடுத்த பிறகு கருப்பையாவுக்கும் கொடுத்தார்கள்.

மறுநாள் பத்திரிகையில் மூன்று வரித் திருத்தம் போட்டேன். 'சோழவந்தானில் வெற்றிலை விவசாயிகள் கூட்டம் நடந்ததாக வெளியான செய்தி தவறு. அப்படி ஒரு கூட்டம் நடக்கவில்லை. சரிபார்க்காமல் எழுதியது செய்தியாளரின் பிழை.' இத்தனை மாதம் கழித்து இது எதற்கு என்று அலுவலகத்தில் கேட்டார்கள். உன் பெயரை நான் சேர்க்கவில்லை. உன்னைக் காப்பாற்றுவதற்காக இல்லை. செய்தி என் பெயரில் வந்தது, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை மாலை ஜெசிந்தாவோடு உட்கார்ந்து உன் சிவப்புப் பதிவுகள் பதினாறையும் திறந்தேன். திருத்துகிற உரிமையை, நான் பதியப் பழகிய அன்றே எனக்கும் கொடுத்துவைத்திருந்தாய். எல்லாவற்றையும் நானே தட்டச்சு செய்தேன். அச்சகத்தார் சங்கம் என்பதை அழித்துவிட்டு, ஆஸ்பத்திரி, ஊசி. பரவை மார்க்கெட் என்பதை அழித்துவிட்டு, ஆஸ்பத்திரி, ஊசி. அக்கா ஒவ்வொன்றையும் ஒரே குரலில் வாசித்து உறுதி செய்தாள். சோழவந்தானுக்கு வந்தபோது கை சற்று நின்றது. பிறகு அதையும் மாற்றினேன்.

"நெறம் அப்படியே இருக்கட்டுமாண்ணே?"

"வேணாம். எல்லாத்தையும் எடுத்துரு. எழுத்துல இருக்குல்ல."

கடைசியில் ஒன்று மிச்சம் இருந்தது. நான்கு பத்து, தினமும், முடிவுத் தேதி இல்லை. ஜெசிந்தா அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. நானே, "அதைக் கொண்டுபோயிரு," என்றேன்.

புது மென்பொருளிலும் அக்கா அதை வாசிக்கிறாள். இன்றைக்கும் வாசித்தாள். டீ. அழைக்கப்பட்டவர்கள் இருவர். இருவரும் ஏற்றுள்ளனர். முப்பது வருடத்தில், தவறு என்று தெரிந்தும் நான் திருத்தாமல் விட்டிருக்கும் ஒரே தகவல் அது. உன்மேல் உள்ள கோபம் கொஞ்சமும் குறையவில்லை. நான்கு பத்துக்கு எழுந்து, படியில் யார் முழங்கையையும் பிடிக்காமல், கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டு இறங்கிப் போகிறேன்.